சுண்ணாம்பு அடித்த கற்கள் வைத்த கொல்லை

திருப்பதியில் ஒற்றை அறையில் இயங்கிய மண் ஆய்வுப் பிரிவில் நான் அப்போது கள உதவியாளன். ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லையில் எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எது சென்னைக்கு என்ற பேச்சு மட்டும் முடியாமலிருந்த காலம். புத்தூர்ப் பக்கம் கணவனை இழந்த ஒரு அம்மாளின் சரிவான வேர்க்கடலைக் கொல்லையைச் சோதனைக்கு எடுத்திருந்தோம். மழைக்கு மழை மேல்மண் கரைந்து, பாதி இடத்தில் சரளை தெரிந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் இப்படிப் போனால் விதைக்க மண் இருக்காது.

சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரப்பு போட்டு மண்ணைத் தடுப்பதுதான் திட்டம். மட்டம் பார்த்து, நிலத்தின் வளைவை ஒட்டி அடையாளக் கற்களை நட்டேன். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சுண்ணாம்பும் அடித்தேன். அது என் தப்பு.

மறுநாள் போனால் ஒரு கல்கூட வைத்த இடத்தில் இல்லை. எல்லாம் கொல்லையின் மேல் ஓரத்தில் நேர்வரிசையாக நின்றன.

பிடுங்கி நட்டவர் அந்த அம்மாளின் கொழுந்தனார். சரிவுக்குக் கீழே அவருடைய கிணறு. அவர் எதையும் மறைக்கவில்லை.

"கெணறு ஆந்திராவுல, எங்க அண்ணி கொல்லை பாதி மெட்ராசுல. நல்லாக் கீதே சார்! தண்ணி எறைக்கத் தாசில்தாராண்ட சீட்டு வாங்கினு வரணுமா? கொல்லை முழுக்க இந்தப் பக்கமே கெடக்கட்டும்னுதான் மேல நட்டேன்."

"இது எல்லைக் கல் இல்லைங்க, வரப்புக்கு வச்சது. தூரத்துலேர்ந்து தெரியத்தான் சுண்ணாம்பு அடிச்சேன்."

"வரப்பு இன்னாத்துக்கு இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போவுது?"

நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் குடத்தோடு வந்து நின்ற அந்த அம்மாள் அதிலிருந்த தண்ணீரை மேட்டில் கவிழ்த்தார். அது செம்மண்ணோடு ஓடி, கொழுந்தனார் காலை நனைத்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் இறங்கியது.

"பாத்துக்க தம்பி. என் மண்ணு எந்த சர்க்காரையும் கேக்காம உன் கெணத்துக்குப் போய்க்கினு கீது. வருசா வருசம் தூர் வாரி முதுகு ஒடியறது நீதானே?"

அவர் ஓடும் தண்ணீரைக் காலால் மறித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" என்று கோபித்துக்கொண்டார்.

நான் மட்டம் பார்க்கப் பார்க்க, அவரே கற்களைத் திரும்ப நட்டார். நான்கு நாளில் வரப்பு முடிந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் வரப்பு உடையப் பார்த்தது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு முதலில் ஓடியவர் அவர்தான். நானும் அந்த அம்மாளும் கல் பொறுக்கிக் கொடுத்தோம். வரப்பு உடையாமல் நின்றது.

மறுநாள் காலை, வரப்புக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கி வடிந்த இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல். அந்த அம்மாள் ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்தார். விதைக்கடலை உடைக்க வீட்டுக்குப் போனார்.