யூரல் ஆற்றுக்குக் கடைமடை எது?

வேலை விஷயமாக ரஷ்யாவில் மக்னிதகோர்ஸ்க் வந்திருக்கிறேன். ஓர் இரும்பாலையைச் சுற்றி எழுந்த ஊர். இன்று விடுமுறை என்பதால் அலுவலகத் தோழி இரினா சுற்றிக்காட்டினார்.

குடவாசலில் விவசாயம் பார்க்கும் அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

இரண்டாம் உலகப் போரில் இவ்வூர் இரும்பு ஆயுதமானதன் நினைவாக, தொழிலாளி ஒருவர் படைவீரரிடம் வாளைக் கொடுக்கும் பிரம்மாண்டமான சிலையைக் காட்டினேன்.

"ம்ம்" என்றாள்.

ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். "அக்கா, இந்தக் கரை ஐரோப்பா, அந்தக் கரை ஆசியா!"

"அது கெடக்கட்டும்டா. தண்ணி தளும்புதே, நடவு ஆயிடுச்சாமா?"

இரினாவிடம் கேட்டேன். ஆலையைக் குளிர்விக்கத் தேக்கிய தண்ணீராம்.

"இவ்ளோ தண்ணியும் இரும்புக்கா?" அக்காவுக்கு மனசே ஆறவில்லை. அவள் வாய்க்காலுக்குக் குறுவைத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. "இந்தத் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற கடைமடை எதுன்னு கேளு."

ஆறு கஜகஸ்தான் வழியாகக் காஸ்பியன் கடலுக்குப் போகிறது என்றார் இரினா.

"அடப்பாவமே, கடைமடை வேற நாட்டுலயா? அவங்களுக்கு ஒழுங்கா தண்ணி விடுறாங்களான்னு கேளுடா!"

அதைச் சொன்னதும் இரினா சிரித்துவிட்டார். "உங்கள் அக்கா ஐ.நா. சபையில் இருக்கிறாரா?"

"இல்லை, காவிரிக் கடைமடையில் விவசாயம். கிட்டத்தட்ட அதே வேலைதான்" என்றேன்.

டெல்டாக்காரர்களே, சரியாகத்தானே சொன்னேன்?