நாலு கிழமைப் பிரதமர்

ஹவுகெட்டோவில் ஏழாம் வகுப்புப் படித்தபோது, நோர்வேயின் முன்னாள் பிரதமர்களின் பெயர்களை ஆசிரியை துண்டுகளில் எழுதி, ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டு நீட்டினார். கையில் வருபவரைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையில் பேச வேண்டும். என் வகுப்பிலேயே படித்த பெரியப்பாவின் மகளுக்குப் பல ஆண்டுகள் ஆண்ட பெண் பிரதமர் கிடைத்தார். எனக்குப் பழமைவாதக் கட்சிக்காரர் ஒருவர்; பதவியில் இருந்தது நான்கு வாரம்.

"நாலு கிழமையோ? எங்கட கோடை லீவே அதைவிடக் கூட," என்று சிரித்தாள். "உன்ரை ஆள் சித்தப்பா மாதிரி."

அவளுடைய சித்தப்பா என் அப்பாதான். தமிழ்ச் சங்கத்தில் ஒரு வசந்தகாலம் தலைவராக இருந்து, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தவர். பிறகு பெரியப்பா தலைவரானார். அப்பா அவருடைய குழுவிலேயே செயலாளரானார். விழாக்களில் பெரியப்பா விளக்கேற்றுவார், அவள் முன்வரிசையில் இருப்பாள். அப்பா மேடையோரம் ஒலிவாங்கி வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த முன்வரிசை நாற்காலிக்காக நான் அவளை வெறுத்தேன். இப்போது பெரிய பிரதமரும் அவளுக்கே.

"டீச்சரோடை கதைச்சு ஆளை மாத்தித் தாங்கோ அப்பா."

"ஏன், இவருக்கு என்ன குறை?"

வேலையால் வந்து, நூலகப் புத்தகத்தோடு மூன்று மாலை உட்கார்ந்தார். நெடுங்காலம் ஆண்ட கட்சியை முதன்முதலாக இறக்கியவர் என்று எழுதினார். கடைசி வரியை நோர்வேஜிய மொழியில் அடித்து அடித்துத் திருத்தினார்: 'பதவி போனபின் அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை, இன்னொருவரின் அரசில் வெளியுறவு அமைச்சராக வேலை செய்தார்.'

"இதை ஆறுதலா, நிறுத்தி நிறுத்திச் சொல்லு, பிள்ளை. இதுதான் முக்கியம்."

பேச்சு நாள் மாலை அவளுக்குக் கைதட்டல் நீண்டது. பெரியப்பா எழுந்து நின்றே தட்டினார். என் முறை வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டிப் பழக்கத்தில் கைகூப்பி, "மதிப்புக்குரிய நடுவர்களே" என்று நோர்வேஜிய மொழியில் தொடங்கிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள்தான் முதலில் சிரித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அவள் அடுத்த சிரிப்புக்கு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். தலைவராக இருந்தவர் இன்னொருவருக்குக் கீழே வேலை செய்ததை அவள் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கதவோரம் வேலை உடுப்போடு நின்ற அப்பா, கொஞ்சம் பிந்தித்தான் கைதட்டினார்.

வீடு திரும்பும் வழியில், "அந்தக் கடைசி வரி?" என்றார்.

"மறந்திட்டன்."

"ம். நல்ல வரி அது."

அவ்வளவு பாடுபட்டுத் திருத்திய நோர்வேஜிய வசனத்தை ஒருவரும் கேட்காமல் போனதுதான் அவருக்குக் கவலை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.