பிள்ளைப் பையில் வாக்காளர் அட்டை

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் காலர்க்காரி என்றுதான் பெயர். ஒன்பது வருடமாகக் காலர் மட்டும் தைக்கிறாள். கையும் நிற்காது, வாயும் நிற்காது. தேர்தல் பேச்சு வந்தால் மட்டும் கப்சிப். போன வார்டு தேர்தலன்று மூத்த மகளுக்குக் காய்ச்சல். புருஷனும் பெண்டாட்டியும் ஈரத்துணியும் கையுமாக வீட்டிலேயே கிடந்தார்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் கொண்டுவருவேன் என்ற டீச்சரம்மா இரண்டே ஓட்டில் தோற்றார். அந்த இரண்டும் யாருடையவை என்று இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்று டீச்சரம்மா மறுபடி நிற்கிறார். வெல்டர் புருஷனுக்கு லீவு. அவன் காலையில் போட்டுவிட வேண்டும், இவள் ஷிஃப்ட் முடிந்து போட வேண்டும் என்று ஏற்பாடு. மத்தியானம் கம்பெனி போனில் கேட்டபோது, "போட்டாச்சு, போட்டாச்சு" என்றான். ஐந்தரைக்கு வீட்டு வாசலில் தலையை மட்டும் நீட்டி, "ரெண்டு பிள்ளைங்களையும் பாத்துக்கோங்க" என்று கத்திவிட்டு ஓடினாள்.

வரிசையில் நின்ற பிறகுதான் இடுப்பில் பிள்ளையும் தோளில் பையும் இல்லாதது உறைத்தது. சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே வெறும் தோளைத் தடவிப் பார்த்தாள். அட்டை! மறந்துவிடக் கூடாது என்று நேற்றே அதைப் பிள்ளைப் பையில் போட்டிருந்தாள். ஆறு வருடத்தில் எதை மறந்தாலும் அந்தப் பையை மறந்ததில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வந்தால் பையும் அங்கேயே இருக்கும் என்று இந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

முன்னால் நின்ற அம்மாளிடம் போன் வாங்கினாள். "ஏங்க, பைய தூக்கிட்டு ஓடி வாங்க! டயபருக்கு அடியில கார்டு இருக்கு!"

மணி ஆறு. வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுப் போலீஸ்காரர் கேட்டைச் சாத்தினார். அப்புறம்தான் புருஷன் வந்தான், இடுப்பில் சின்னவனும் கையில் இழுபடும் மூத்தவளுமாக, மூச்சிரைக்க. கேட் கம்பி வழியாக அட்டையை நீட்டினான். வாங்கும்போது அவன் விரல்களைப் பார்த்தாள். ஒன்றிலும் மை இல்லை.

"போட்டாச்சுன்னீங்க?"

"சின்னவனுக்குக் காலையிலேர்ந்து வயித்தால போகுது. சொன்னா நீ வேலைல பதறுவேன்னு சொல்லல. நீ வந்ததும் போலாம்னு இருந்தேன். நீ நிக்கவே இல்லையே."

திட்ட வாயெடுத்தாள், அதற்குள் வரிசை நகர்ந்தது. டோக்கன் இல்லாமல் இனி அவனை உள்ளே விட மாட்டார்கள். உள்ளே போய் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தாள். வெளியே சின்னவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாதி தூரம் நடந்தாள்.

"டீச்சரம்மா எத்தனை ஓட்டுல தோத்தாலும் தாங்கிக்குவேங்க" என்றாள். "ஒரே ஒரு ஓட்டுல மட்டும் தோத்துடக் கூடாது."