பத்தியத்தில் சேராத பண்டம்

1950களின் கடைசியில், அகரத்தில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்த சில வாரங்களிலேயே என் மனைவிக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வீங்கத் தொடங்கியது. காலையில் வரும், இரவுக்குள் மறையும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்த காணாக்கடி என்று அம்மா சொல்லி வேப்பிலை அடித்துப் பார்த்தாள். கேட்கவில்லை. திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். நாகல் நகர் டாக்டர் சொன்ன வழி எனக்குப் புதிதாக இருந்தது.

"அரிசிக் கஞ்சியும் உப்பும் மட்டும் குடுங்க. தடிப்பு நின்னதும் ஒவ்வொரு பண்டமா சேத்துப் பாருங்க. எதைச் சேத்ததும் வருதோ, அதுதான் ஆகாதது."

நான் பள்ளியில் ரசாயனம் கற்பித்தவன். எனக்கு உற்சாகமாகவே இருந்தது. அரித்தது என் உடம்பு அல்லவே.

கத்தரிக்காய், கருவாடு, கடலை, பால், பழம் எல்லாம் நின்றன. மனைவி கஞ்சியைக் குடித்தாள். தடிப்பு நிற்கவில்லை.

"ஏலே அப்பு, இம்புட்டுப் பத்தியம் இருந்தும் எப்புடிடா வருது? கருவாட்டுப் பானையில கை வச்சிருப்பா. அவ ஆத்தா வீட்ல கருவாடு இல்லாம சோறு எறங்காதுல்ல," என்றாள் அம்மா.

"நான் தொடவே இல்லங்க," என்றாள் மனைவி.

நான் நம்பவில்லை. அடுப்படியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். மனைவி பூட்டைப் பார்த்தாள்.

மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று நான் பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கி வருவேன். காலையில் குளித்து வந்ததும் அம்மா ஆளுக்கு ஒரு விரல் வழித்து உள்ளங்கையில் வைப்பாள். அதன் பிறகுதான் பச்சைத் தண்ணீரே. அந்த மாதம் பரீட்சை வேலையில் போக முடியவில்லை. டப்பா காலியானது. மனைவியின் தோலும் தெளிந்தது.

"பூட்டு வேல செய்யுது பாத்தியா?" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பரீட்சை முடிந்து புது டப்பாவோடு வந்தேன். மறுநாள் மதியத்துக்குள் மனைவியின் கழுத்தெல்லாம் தடிப்பு. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

பிரசாதத்தைச் சாப்பாடு என்று எங்களில் யாரும் எண்ணியதே இல்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அதில் சேரும் பண்டங்களை அம்மாவுக்குத் தெரியாமல் தனித்தனியாக மனைவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். சர்க்கரை, தேன், பேரீச்சை, நெய் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மலைவாழைப்பழத்தை உரித்ததும் முகம் சுளித்தாள்.

"அது வேணாங்க. சின்னதுலருந்தே திங்க மாட்டேன். தொண்டை நமநமங்கும்."

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். ஒங்களுக்கு இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு, "அத்தகிட்டச் சொல்லிருவீங்கல்ல, நான் திருடித் திங்கலன்னு?" என்றாள்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. சாமி பிரசாதம் ஆகாத மருமகள் என்று அம்மா இன்னும் மோசமாகப் பேசுவாள் என எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அம்மாவிடம் பயம். பூட்டை மட்டும் எடுத்தேன். அம்மா வைக்கும் பஞ்சாமிர்தத்தை மனைவி கொல்லைப்பக்கம் கொண்டுவந்து என் கையில் போடுவாள், நான் தின்றுவிடுவேன்.

தடிப்பு நின்றதும், "பூட்டுப் போட்டதுல திருந்திட்டா," என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். சில வருஷங்களில் அந்த நினைப்போடே போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு மனைவி கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "இனி யாருகிட்டங்க சொல்லுவீங்க?"