கருவாட்டுக் கம்பும் கேட்டலிஸ்டும்

அதனால்தான் சொல்கிறேன், எதிர்வீட்டம்மா, உங்கள் மாமியார் தெரு முழுக்கப் பேசுகிற மாதிரி என் பேத்தி ஒன்றும் படிப்பில் கோட்டை விடவில்லை. கெடுத்தது நான். என் கருவாட்டுக் கம்பு. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேத்தி அப்போது காட்டாங்குளத்தூர்ப் பக்கம் காலேஜில் கடைசி வருஷம். என்ன படிப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரேஷன் கடையில் இன்னும் கைநாட்டு வைக்கிறவள் நான். ஆனால் ப்ராஜெக்ட் என்று ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் அதைச் செய்து காட்டாவிட்டால் ஒரு வருஷம் வீண் என்பது மட்டும் புரிந்தது.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். விறகைப் போதிய காற்று இல்லாமல் எரித்தால் ஒரு வாயு வருமாம். அதற்கென்று ட்ரம் மாதிரி ஒரு அடுப்பை திருமுடிவாக்கத்துப் பட்டறையில் செய்து வாங்கியிருந்தார்கள். அந்த வாயுவில் பாதி விஷம். அதோடு நீராவியைச் சேர்த்து ஒரு குழாய்க்குள் விடவேண்டும். குழாய்க்குள் செம்பும் துத்தநாகமும் சேர்த்து இவளே செய்த கறுப்புக் குருணை இருக்கும். கேட்டலிஸ்ட் என்று பேர். எள்ளுருண்டையை உடைத்துப் போட்டது மாதிரி இருக்கும். விஷம் குறைந்து ஹைட்ரஜன் வெளியே வரும்.

“அந்தக் குருணை எரிஞ்சிப்பூடுமா?” என்று கேட்டேன்.

“எரியாது ஆயா.”

“கரையுமா?”

“கரையாது. போட்டது போட்டபடி இருக்கும். சும்மா நிக்கும். ஆனா அது நின்னாத்தான் வேலை நடக்கும்.”

“உங்க தாத்தா மாதிரியா?”

“தாத்தா நின்னா ஒரு வேலையும் நடக்காது.”

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர், “நான் இன்னும் தூங்கல” என்றார்.

எனக்கு அன்றைக்கு முழுக்க அதே யோசனை. தானும் செலவாகாமல், எதுவும் செய்யாமல், அது எப்படி ஒன்றை இன்னொன்றாக்குகிறது? உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது? “தண்ணியிலதான் ஹைட்ரஜன் கீது ஆயா” என்று என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தாள். எனக்கு இன்னும் குழப்பம்தான். சோறு வடிக்கிற தண்ணீரை ஒரு தரம் உற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

முதல் மூன்று நாள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு காலேஜில் வாங்கிய விறகு தீர்ந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? கோவளத்தில் என் அண்ணன் வீட்டில் கருவாடு காயப்போடுகிற பரணைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய சவுக்குக் கம்பெல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு, நான்கு மூட்டை பீர்க்கன்கரணைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு அவளுக்கு, இரண்டு வீட்டுக்கு.

அதைப் போட்ட மறுநாளே மீட்டரில் விஷவாயு ஏறத் தொடங்கியது. அடுத்த நாள் உள்ளே போன விஷம் அப்படியே வெளியே வந்தது. கேட்டலிஸ்ட் செத்துவிட்டது என்றாள். உயிரே இல்லாதது எப்படிச் சாகும் என்று கேட்க வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். குருணையை அவள் செய்த விதம் சரியில்லை, அடுத்த வருஷம் வந்து முதலிலிருந்து செய் என்று காலேஜ் சார் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலையில் பின்பக்கம் வெந்நீர் அடுப்பில் கம்பை வைத்தேன். படபடவென்று வெடித்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“இன்னாத்துக்கு ஆயா இப்படி வெடிக்குது?”

“உப்புடீ. பரண் கம்பாச்சே. எத்தினி வருசம் கருவாட்டு உப்புத்தண்ணி சொட்டியிருக்கும்!”

“எனக்குக் குடுத்ததும் இதுவா?”

“ஆமா. இத்தவிட நல்ல வெறகு ஏது?”

வாயில் நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உப்பில் இருக்கிற குளோரின் வாயுவோடு போய்ச் செம்பைக் கொன்றுவிடுமாம். என் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அடித்தது எதற்கு, சிரித்தது எதற்கு, இரண்டும் புரியவில்லை.

“சார் நம்பமாட்டாரு. நீ வந்து சொல்லு ஆயா.”

ஒரு கட்டுக் கம்போடு பெருங்களத்தூரில் ரயில் ஏறினோம். சார் கம்பை வாங்கி மூக்கில் வைத்தார்.

“மூணு நாளா லேப்ல யாரு மீன் திங்கறதுன்னு வாட்ச்மேனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

“தப்பு என்னுது சார். அவ குருணை தங்கமான குருணை. வேணும்னா எனக்கு மார்க்கு போடாதீங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “குருணை மிச்சம் இருக்காம்மா?” என்று அவளிடம் கேட்டார். அரை பாட்டில் இருந்தது. கடையில் நல்ல சவுக்கு வாங்கிவரச் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து, அங்கே பெருக்குகிற அம்மாவுக்கு நெத்திலி ஆய்வது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பேத்தி கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. விஷம் இறங்கிவிட்டது.

அதோடு விட்டாரா சார்? “ஆயா, அந்த உப்புக் கம்பு இன்னும் ரெண்டு மூட்டை கிடைக்குமா?” என்றார். ஜெயித்த பிறகு கெட்ட விறகு எதற்கு? எப்படிச் சாகிறது என்பதையும் எழுதவேண்டுமாம். எழுதினாள், திங்கட்கிழமை பாஸும் ஆனாள். அங்கேயே மேல்படிப்பும் சேர்ந்துவிட்டாள், அதனால்தான் இன்னும் அதே காலேஜுக்குப் போகிறாள்.

இப்போது புதுக் கதை. கம்பை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு போகுமா என்று பார்க்கிறாள். மாடியில் கழுவிய குவியல் ஒன்று, கழுவாதது ஒன்று. நாளைக்கு இரண்டையும் எடுத்துப்போகவேண்டும், கலந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்... இருங்கள், மேலே யார் அது? என் மருமகள் அடுப்புக்கு வாரிக்கொண்டிருக்கிறாள்.

“ஏய், அத்தத் தொடாதே! வெச்சுடு! எந்தக் குவியல்லருந்து எடுத்தே? இரு, நானே வர்றேன்!”