கொம்புள்ள மாட்டுக்கு முதல் பொங்கல்

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயின்ட் பூச ஆசைப்பட்டவள் நான்தான். யார் மீதும் பழி போட வழியில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அதுவரை வளர்த்ததெல்லாம் சீமை மாடுகள். தொழுவத்தில் மாடு திரும்பவே இடமிருக்காது என்பதால், கன்றிலேயே கொம்பு முளைக்கும் இடத்தைச் சுட்டுவிடுவோம். வருடா வருடம் அந்த மொட்டைத் தலைகளைக் கட்டிப்பிடித்துத்தான் பொட்டு வைப்பேன். தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாமல் போகவே, என் கணவர் பொல்பிட்டிய பக்கமிருந்து ஒரு நாட்டுப் பசுவை லொறியில் ஏற்றி வந்தார். ஆள் குள்ளம். ஆனால் அந்தக் கொம்பு இருக்கிறதே! வெளிப்பக்கமாக விரிந்து, பிறகு முன்னால் வளைந்து, நுனி கறுத்துக் கூராக நிற்கும்.

எனக்கு அப்போது ஏழு மாதம்.

பொங்கலன்று பழைய பழக்கத்தில் மாட்டுக்கும் பலகைச் சுவருக்கும் நடுவே போய் நின்றேன். ஒரு கையில் பெயின்ட். மறு கையால் கொம்பை இறுகப் பிடித்தேன். நாட்டு மாடு அதைச் சண்டைக்கு இழுப்பதாக எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு.

பலகை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் என் இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கொம்பு, அந்தப் பக்கம் ஒரு கொம்பு. நடுவில் என் வயிறு. மாட்டின் மூச்சு சேலையைத் தாண்டிச் சுட்டது. எனக்கோ மூச்சே வரவில்லை.

பக்கத்தில் நின்ற என் கணவர் கம்பைத் தூக்கினார்.

"கம்பக் கீழ போடுங்க! அது தலையத் தூக்குனா எங்க ரெண்டு பேரு கதயும் முடிஞ்சிரும்."

"சரி புள்ள, அசையாத. கயித்த அவுக்குறேன்."

முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கடைசியில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கயிற்றை அறுத்தார். மாடு தானாகப் பின்வாங்கியது.

என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எந்நேரமும் உதைக்கிற பிள்ளை அசையவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பயத்தில் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

நானுஓயாவைத் தாண்டியதும் சுருக்கென்று ஓர் உதை. அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். அடுத்த உதை அவர் கையில் விழுந்தது. மனிதர் ஓவென்று அழுத சத்தத்தில் ஓட்டோக்காரர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டார்.