கெட்டிமேளத்துக்குள்ள ஒரு சோலோ

எங்கட நாலு பேர் பேண்டின்ட பாட்டுகள் ஏன் இவ்வளவு கட்டை எண்டு ஆரும் கேட்டால், ஹார்ட்கோர் பங்க் எண்டால் அப்பிடித்தான், ஒரு நிமிஷத்துக்குள்ள கோபம் முழுக்கக் கக்கிப்போட்டு இறங்கிறதுதான் அதின்ட அழகு எண்டு பெரிய எடுப்பில சொல்லுவம். பச்சைப் பொய். கெட்டிமேளம் அவ்வளவு நேரந்தான் அடிப்பினம். வேற ஒரு காரணமும் இல்ல.

வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில ஒரு கல்யாண மண்டபம். அதுக்கு மனேஜர் என்ட சித்தப்பா. மேல் மாடியில சாமான் அறை: மணவறைத் தூண்கள், சிவப்பு வெல்வெட் கதிரைகள், பிளாஸ்டிக் பூமாலைகள், இதுகளுக்கு நடுவில எங்கட ட்ரம்ஸ். சுத்திவர எல்லாம் பிளாட். சாதாரண நாளில நாங்கள் ஒரு தட்டுத் தட்டினாலே மூண்டு மொழியிலயும் ஏச்சு விழும். ஆனா கல்யாண நாளில தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஊரைத் தூக்கினாலும் ஒரு குருவி வாய் திறக்காது. மங்களச் சத்தமாம். அப்ப என்ன, அந்த மங்களத்துக்குள்ள பூந்து நாங்களும் அடிப்பம் எண்டு முடிவெடுத்தம்.

எப்பிடி எண்டால், அந்த அறைச் சுவரில ஒரு காத்தோட்டக் கம்பி வலை இருக்கு. அதுக்குள்ளால பாத்தால் மணவறை நேர கீழ தெரியும். வலையில நிக்கிறது என்ட வேலை. மாப்பிள்ளை வரேக்க, கூறை குடுக்கேக்க, தாலி கட்டேக்க, மாலை மாத்தேக்க, ஐயர் விரலைத் தூக்கி ஆட்டுவார், மேளம் கெட்டியாகும். நான் கையைத் தூக்குவன், எங்கட பொடியள் தொடங்குவாங்கள். மேளம் இறங்கினால் என்ட கையும் இறங்கும், பாட்டு அந்த இடத்தில முடியும். இப்பிடித்தான் நாங்கள் பாட்டே கட்டினது. சொந்தக்காரர் என்னைக் காணேக்கயெல்லாம் பிள்ளை, உனக்கு எப்ப கல்யாணம் எண்டு கேப்பினம். ஐயர் வராட்டிலும் நானே நடத்திப்போடுவன், அவ்வளவு பாத்திட்டன்.

கெட்டிமேளம் எதுக்கு எண்டு தெரியுந்தானே? தாலி ஏறுற நேரத்தில ஒரு தும்மலோ, ஒரு அழுகையோ, ஒரு தகாத சொல்லோ பொம்பிளை மாப்பிள்ளையின்ட காதில விழக்கூடாது. எங்களை விடத் தகாத சத்தம் இந்தக் கொழும்பில வேற என்ன இருக்கு? அதை நினைச்சு நினைச்சு சிரிச்சுக்கொண்டுதான் நான் கத்துவன்.

நான் கத்துறவள். பாடகி எண்டு சொல்ல எனக்கே வாய் வராது. பகலில கொள்ளுப்பிட்டியில ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில டெலிபோன் எடுக்கிற வேலை. ஓம் மேடம், விளங்குது சேர், கொஞ்சம் லைன்ல நில்லுங்கோ. ஆர் என்ன சொல்லி ஏசினாலும் குரல் உயரக்கூடாது. அது எல்லாத்தையும் கிழமை முழுக்க விழுங்கி வைச்சிருந்து, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில வெளிய எடுப்பன். அந்த பேண்ட் இல்லாட்டி நான் வெடிச்சுத்தான் செத்திருப்பன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது எங்கட கிட்டார்காரன். கொட்டாஞ்சேனைப் பொடியன், ஞாயிறு காலை முதல் பூசைக்கு மாதா கோயிலில கிட்டார் வாசிச்சுப்போட்டு பஸ் பிடிச்சு எங்களட்ட ஓடி வாறவன். மொட்டைத் தலையோட திரிஞ்சவன் திடீரெண்டு தலைமயிர் வளக்கத் தொடங்கினான். அவன்ட அம்மா, மகன் அந்தோனியாருக்கு ஏதோ நேர்த்தி வைச்சிருக்கிறான் எண்டு நினைச்சு, என்ன வருத்தம் மகனே, அம்மாட்டச் சொல்லு எண்டு அழுதிருக்கிறா. நேர்த்தியும் இல்ல வருத்தமும் இல்ல. ஆள் ஹெவி மெட்டல் பாட்டுக்கு மாறிட்டார்.

இனி நாங்கள் கிராஸ்ஓவராம். பங்கின்ட வேகமும் மெட்டலின்ட கனமும் ஒண்டாச் சேருமாம். ட்ரம்ஸ் அடிக்கிற தம்பி ஹட்டன் பக்கம், இங்க ஒரு ஹோட்டலில வேலை செய்யிறவன். அவன் உடனே ரெண்டு காலாலயும் அடிக்கிற டபுள் பெடல் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, இது செமையா இருக்குங்கக்கா எண்டு கண்ணெல்லாம் மினுங்க நிண்டான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் புறக்கோட்டைத் துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எதுக்கும் சிரிப்பார், இதுக்கும் சிரிச்சார். புதுப் பாட்டு நாலு நிமிஷம். தொடக்கத்தில நான் கொஞ்சம் கத்தோணும், முடிவில கொஞ்சம் கத்தோணும். நடுவில கிட்டார் சோலோ, அவன் தனிய வாசிக்கிறது.

சோலோ நேரம் நான் என்ன செய்யிறது எண்டு கேட்டன்.

"சும்மா நில்லு மச்சான்," எண்டான்.

சும்மா நிக்கிறதாம்! நிண்டும் பாத்தன். தலையை ஆட்டினன், கழுத்துப் பிடிச்சுது. தண்ணி குடிச்சன், எவ்வளவுதான் குடிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிக்க, பேஸ்காரர் என்னைப் பாத்து, பாங்க்ல நம்பர் கூப்பிடுறதுக்கு நிக்கிற ஆள் மாதிரி எண்டு சிரிச்சார். எனக்கு வாயில நல்லா வந்தது. ஆனா உண்மையைச் சொல்லோணும், அந்தப் பாழாப்போன பாட்டு நல்லா இருந்தது. கிட்டாரில அந்த ரிஃப் தொடங்கினால் நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும். கூடாத பாட்டெண்டால் சண்டை பிடிச்சிருக்கலாம்.

பிறகுதான் கிட்டார்காரன் மெல்லமாக் கதையை எடுத்தான். ஹெந்தளையில ஒரு பொடியன் இருக்கிறானாம், கோயில் பாடகர் குழுவில பாடுறவனாம், குரல் நல்லா மேல போகுமாம். நீண்ட பாட்டுக்கு சுருதியோட பாடுற ஆள் இருந்தால் நல்லமாம். அடுத்த மாசம் கொட்டாஞ்சேனையில எங்கட ஷோ. ஹெந்தளைப் பொடியன் வாற ஞாயிறு வந்து பாக்கட்டும், புதுப் பாட்டு என்னோட சரிவராட்டில் அவன் பாடட்டும் எண்டான். இனி வாறது எல்லாமே புதுப் பாட்டுத்தான் எண்டது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கிழமை டெலிபோனில ஓம் மேடம், ஓம் மேடம் எண்டுகொண்டே நான் அழுதன். அந்த மேடம் என்ன நல்ல பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு வைச்சா.

ஞாயிறு வந்தது. கீழ நல்ல பெரிய கல்யாணம். மேல, ஹெந்தளைப் பொடியன் மாப்பிள்ளைக் கதிரை ஒண்டில கால் மேல கால் போட்டுக்கொண்டு இருந்தான். எனக்குப் பத்தி எரிஞ்சுது. தாலி கட்டேக்கதான் மேளம் கனநேரம் அடிப்பினம், அதுக்குள்ள சோலோவோட முழுப் பாட்டையும் பாப்பம் எண்டு கிட்டார்காரன் சொல்லிட்டான். நாலு நிமிஷப் பாட்டு எப்பிடியடா அதுக்குள்ள அடங்கும் எண்டு கேட்டன். வேகமா வாசிப்பம் எண்டான். விசரன்.

ஐயர் விரலைத் தூக்கினார். நான் கையைத் தூக்கினன்.

என்ட பங்கைக் கத்தி முடிச்சுப்போட்டு வலைக்கு ஓடினன். கீழ முடிச்சு விழுது, சனம் தூவுற அறுகரிசி பறக்குது, பின்னால சோலோ தொடங்கிட்டுது. கொஞ்சத்தில தவில் இறங்கத் தொடங்கினது. நான் கையை இறக்கினன். ஒருத்தரும் பாக்கேல்ல. கிட்டார்காரன் முகமெல்லாம் மயிரும் மூடின கண்ணும். ட்ரம்ஸ்காரத் தம்பி தன்ட ரெண்டு காலையும் பாத்துக்கொண்டு அடிக்கிறான். பேஸ்காரரும் அவன்ட காலைத்தான் பாக்கிறார். ரெண்டு கையையும் போட்டு வீசினன். குதிச்சன். கீழ மேளம் நிண்டுட்டுது.

ஐயோ கடவுளே, அந்த நிமிஷம். ஐயர் அடுத்த மந்திரத்துக்கு வாயைத் திறந்தவர் திறந்தபடி. மண்டபம் முழுக்க அமைதி, அதுக்கு மேல கூரைக்குள்ளால மெட்டல் சோலோ கொட்டுது. அவ்வளவு சனமும் அண்ணாந்து பாக்குது. காலையில இருந்து குனிஞ்ச தலை நிமிராமல் இருந்த பொம்பிளையும் பாக்குது. வீடியோக்காரன் கமராவைத் தூக்கிக் கூரைக்குப் பிடிச்சிட்டான்.

என்ட கையில மைக் இருந்தது. கிழமை முழுக்க விழுங்கின அவ்வளவையும் சேர்த்துக் கத்தினன்.

"நிப்பாட்டுங்கோடா!"

நிப்பாட்டினாங்கள். மூண்டு பேரும் ஒரேயடியா. ஆனா எங்கட பழைய பாட்டெல்லாத்திலயும் ஒரு பழக்கம். நான் கத்தி, எல்லாம் நிண்டு, ஒரு மூச்சு விட்டாப் பிறகு மெதுவான, பாரமான அடி ஒண்டு விழும். அது தம்பியின்ட காலில ஊறிப்போச்சு. யோசிக்காமல் அடிச்சிட்டான். அடிச்ச உடன மற்ற ரெண்டு பேரும் விழுந்தாங்கள். கட்டிடம் அதிர்ந்தது. நான் இவ்வளவு காலம் கேட்ட எதையும் விட அது கனமா இருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

கீழ தவில்காரர் சும்மா இருப்பாரோ? நல்ல நேரத்தில கெட்ட சத்தம் கேட்டால் மூடுறது அவற்ற கடமை. ஐயர் சொல்லாமலே திரும்பக் கெட்டிமேளத்தைத் தொடங்கினார், நாதஸ்வரமும் பின்னால ஓடினது. இப்ப பாருங்கோ கூத்தை. நாங்கள் அடிக்கிறதால அவை நிப்பாட்டேலாது. அவை அடிக்கிறதால எங்கட ஆக்களும் நிப்பாட்டுற எண்ணமே இல்ல. மேளம் இருக்கு, பிறகென்ன எண்டு அடிக்கிறாங்கள். இப்பிடியே போனால் பொழுதுபட்டாலும் கல்யாணம் முடியாது.

தவில்காரர் அண்ணாந்து வலையைப் பாத்தார். நான் அவரைப் பாத்தன். இந்த முறை பின்னால மூண்டு பேரும் என்னைத்தான் பாத்துக்கொண்டு அடிச்சாங்கள், பயத்தில. நான் கையை வலைக்கு மேல உயர்த்திப் பிடிச்சன், கீழயும் தெரியிற மாதிரி. தவில்காரர் தலையை ஆட்டினார். ஒரே வெட்டாக் கையை இறக்கினன். மேலயும் கீழயும் ஒரே அடியில நிண்டுது. பொம்பிளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா, எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது.

சித்தப்பா படியேறி வாற சத்தம் கேட்டது. ஆள் வேர்த்து விறுவிறுத்து வந்து ஒரு கதிரையில விழுந்தார். முடிஞ்சுது எங்கட கதை எண்டு நினைச்சம். என்ன நடந்தது எண்டால், மாப்பிள்ளை வீட்டார் இது பொம்பிளை வீட்டாற்ற ஏற்பாடு எண்டு நினைச்சிருக்கினம். பொம்பிளை வீட்டார் மாப்பிள்ளை வீட்டாற்ற ஏற்பாடு எண்டு நினைச்சிருக்கினம். சம்பந்தி செய்ததைக் குறை சொல்லுறதோ எண்டு ரெண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு, நல்லா இருந்தது, புதுசா இருந்தது எண்டு மாறி மாறிப் பாராட்டுகினமாம். சித்தப்பாவும் வாயைத் திறக்கேல்ல. எங்களுக்கு மட்டும் நல்லாக் கிடைச்சுது ஏச்சு, மாசம் முடியும் வரைக்கும் இந்தப் பக்கம் தலை வைக்கக்கூடாது எண்டுபோட்டுப் போனார். எங்கட முதல் ரெக்கோர்டிங் ஆரோ ஒருத்தற்ற கல்யாண வீடியோவில இருக்கு. ஹெந்தளைப் பொடியனைத் தேடினால், அவன் எப்பவோ கீழ இறங்கிப் பந்தியில இருந்து பாயாசம் குடிக்கிறான்.

வயரைச் சுத்திக்கொண்டு நிண்ட கிட்டார்காரனை நேர கேட்டன், அப்ப நான் நிக்கிறதோ போறதோ எண்டு. அவன் நிமிரேல்ல. மேடையில பாப்பம் எண்டான். அந்த மாசம் முழுக்க அந்த ஒரு சொல்லோடதான் நான் கிடந்தனான்.

கொட்டாஞ்சேனை ஷோ ஒரு சனிக்கிழமை பின்னேரம். சின்ன மண்டபம், நிறையப் பொடியள், சுவரோரத்தில கைப்பையை மடியில வைச்சுக்கொண்டு கிட்டார்காரன்ட அம்மா. ஹெந்தளைப் பொடியனும் வந்திருந்தான், கறுப்புச் சேர்ட் போட்டு, கூப்பிட்டால் ஏறுறதுக்குத் தயாரா. பழைய பாட்டுகள் முடிஞ்சுது. புதுசு தொடங்கினது. என்ட பங்கைக் கத்திப்போட்டு ஒதுங்கினன், சோலோ வந்தது.

நல்லா வாசிச்சான், பாவி. சனம் கத்தினது. பிறகும் வாசிச்சான். திரும்பவும் மேல போனான், திரும்பவும் கீழ வந்தான். அங்க மேளமும் இல்ல, ஐயரும் இல்ல, விரல் தூக்கி ஆட்ட ஆளும் இல்ல. சிரிச்சுக்கொண்டிருந்த பேஸ்காரற்ற முகம் மாறினது. ட்ரம்ஸ்காரத் தம்பி உதட்டைக் கடிச்சுக்கொண்டு அடிச்சான். கிட்டார்காரன் வேர்த்துக் கொட்டினான். அப்பதான் எனக்கு விளங்கினது, இவனுக்கு முடிக்கத் தெரியாது. ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கிற வழி தெரியாது. ஒரு கண்ணைத் திறந்தான். ஹெந்தளைப் பொடியன் நிண்ட பக்கம் பாக்கேல்ல. அந்தக் கண் மேடை முழுக்கத் தடவி வந்து என்னில நிண்டுது, தயவுசெய்து கத்து எண்டு.

நான் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனன். அவன்ட முகத்தில அப்பிடி ஒரு நிம்மதி. என்ட சந்தோஷத்துக்கு ஒரு அளவில்ல, கால் தரையில நிக்கேல்ல.

மைக்கைக் கீழ இறக்கினன். இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டும்.